கூட்டுத் தொழிலும் கமராப் பூட்டும்

கூடித் தொழில் செய்யப் புகுவோர் முதலிற் பார்ப்பது மனப் பொருத்தம்; அடுத்துப் பார்ப்பது பணப் பொருத்தம். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் தொழில் தானே நடந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். கருவிகளை நம்பிச் செய்யும் தொழில்களுக்கு மூன்றாவது பொருத்தம் ஒன்றும் வேண்டும். அதுவே கருவிப் பொருத்தம். மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், அத்திருமணத்தைப் படமெடுக்க வரும் இருவரின் கமராக்களுக்குள் பொருத்தம் உண்டா என்று ஒருநாளும் கேட்பதில்லை. படமெடுப்போரே பல வேளைகளில் அதனைக் கேட்பதில்லை என்பதுதான் வியப்பு.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் இளைஞர் பலர் இன்று கமராவைக் கையிலெடுக்கின்றனர். அவருட் சிலர் அதனையே தொழிலாகவும் கொள்கின்றனர். நல்லதே. திருமணப் படம் எடுப்பது ஒருவரால் மட்டும் ஆகும் வேலையன்று. மாப்பிள்ளை வீட்டில் தலைப்பாகை கட்டும் வேளையிற் பெண் வீட்டில் மணமகள் அலங்காரம் நடக்கும். மணவறையிலே தாலி ஏறும் கணத்திற் கழுத்தையும் கையையும் ஒருவர் எடுக்க, பெற்றோர் முகத்தை மற்றொருவர் எடுக்க வேண்டும். ஆதலின் இருவர் சேர்ந்து கூட்டாகத் தொழில் தொடங்குவது இயல்பாகிறது. இவ்வாறு தொடங்குவோரும், அவர்களுக்குப் பணம் கொடுத்துதவும் பெற்றோரும் அறிய வேண்டிய சிலவற்றை இவ்வாரம் எழுதுகின்றோம்.

நம்மிடம் முன்னர் பயின்ற இரு இளைஞர் இவ்வாறே தொழில் தொடங்கினர். ஒருவர் தகப்பனார் சேமித்த பணத்திற் கனன் கமரா வாங்கியவர். மற்றவர் தமக்கையாரின் காப்பை அடகு வைத்து நிக்கோன் கமரா வாங்கியவர். இரண்டும் நல்ல கமராக்களே. ஓராண்டு காலம் இடையூறு எதுவும் நேரவில்லை. பின்னர் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த திருமணத்திலே, கன்னிகாதானம் முடிந்து கூறை மாற்ற மணமகள் உள்ளே சென்ற வேளையில், இருவருள் ஒருவரது கமராவின் திரை இறுகி நின்றுவிட்டது. அவருடைய பையில் மூன்று வில்லைகளும், மின்னேற்றிய பற்றரிகள் நான்கும், பிளாஷ் விளக்கு ஒன்றும் இருந்தன. தோழரிடம் மேலதிகமாக ஒரு கமரா உடலும் இருந்தது. ஆனால், இவருடைய வில்லைகளுள் ஒன்றேனும் அதிற் பொருந்தவில்லை, பற்றரியும் உதவவில்லை. தோழரிடம் இருந்ததோ தூரத்துக் காட்சியை எடுக்கும் நீண்ட வில்லை ஒன்றே.

தாலி கட்டும் படம் கிடைத்தது. அருகில் நின்று எடுக்கவேண்டிய படங்கள் கிடைக்கவில்லை. பேத்தியின் தலையில் அறுகரிசி இட்ட முதிய பாட்டியாரின் முகம், இடையிற் குனிந்தவர்களின் தோளுக்குப் பின்னே மறைந்து போயிற்று. அவ்வம்மையார் அவ்வாண்டு முடியுமுன் காலமானார். அந்த வீட்டார் குறை கூறவில்லை. ஆல்பத்தைப் புரட்டி, “பாட்டியின் படம் இல்லையா?” என்று மட்டும் கேட்டனராம். அக்கேள்வி பொறுக்காமலே இளைஞர் இருவரும் நம்மிடம் வந்து, “ஐயா, எங்களுள் யார் கமராவை மாற்றுவது?” என்று கேட்டனர்.

விடை காணுமுன் காரணத்தை அறிதல் வேண்டும். மாற்றக்கூடிய வில்லைகளை உடைய கமரா ஒவ்வொன்றிலும் வில்லையைச் செருகித் திருகும் உலோக வளையம் ஒன்று உண்டு. ‘மவுண்ட்’ என்று கடைகளில் வழங்கும் அதனை நாம் பூட்டுவாய் என்போம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனப் பூட்டுவாய் வைத்திருக்கிறது. நிக்கோன் தன் ‘எப்’ பூட்டுவாயை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டது. கனன் தன் ‘ஈ.எப்.’ பூட்டுவாயை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டது. வளையத்தின் அகலமும், திருகும் திசையும், மின்தொடுப்பிகளின் ஒழுங்கும் வேறு வேறு.

இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. பூட்டுவாயிலிருந்து படம் விழும் தளம் வரையுள்ள தூரம் நிக்கோன் ‘எப்’ கமராவில் 46.5 மில்லிமீற்றர், கனன் ‘ஈ.எப்.’ கமராவில் 44 மில்லிமீற்றர். வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றரே. இச்சிறு இடைவெளி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு கணக்குச் செய்து பார்க்கட்டும். கனன் கமராவுக்கென அமைந்த 50 மில்லிமீற்றர் வில்லையை எவ்வாறோ நிக்கோன் கமராவிற் பொருத்திவிட்டோம் எனக் கொள்வோம். வில்லை இருக்கவேண்டிய இடத்திலிருந்து இரண்டரை மில்லிமீற்றர் முன்னே தள்ளி நிற்கும். குவியத்தூரத்தின் வர்க்கம் 2500. அதனை 2.5 ஆல் வகுக்க 1000 வரும். அதாவது, முன்புறக் குவியத்துக்கு அப்பால் 1000 மில்லிமீற்றர், வில்லையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர், அதற்கப்பாலுள்ள எப்பொருளும் தெளிவாக விழாது. மணவறையிலிருந்து ஒரு மீற்றரில் நின்று திருமணம் முழுவதையும் எடுக்க முடியுமோ? இடையில் இணைப்பு வளையம் வைப்பின் அதன் தடிப்பும் சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

மறுதலையாக, நிக்கோன் வில்லையைக் கனன் கமராவிற் பொருத்த மெல்லிய வளையம் கிடைக்கிறது. தூரம் சரிப்படும். ஆயினும் எளிய வளையத்தில் மின்தொடர்பு இல்லாமையால் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. ஆறுதலாக இருந்து பூவையும் மலையையும் எடுப்போருக்கு அது போதும். நாதஸ்வரம் முழங்க, மணமகன் தாலியை எடுத்துக் குனியும் அரைநிமிடத்துக்கு அது போதாது.

ஒரே நிறுவனத்தின் பொருள்களாயின் தொல்லையில்லை என்று எண்ணுவதும் தவறு. கனன் நிறுவனத்தின் சிறிய உணரிக் கமராக்களுக்கென அமைந்த ‘ஈ.எப்.–எஸ்.’ வில்லைகள், அந்நிறுவனத்தின் முழுச்சட்ட ‘ஈ.எப்.’ கமராக்களிற் பொருந்தா. நிக்கோனின் சிறிய உணரிக்குரிய ‘டி.எக்ஸ்.’ வில்லைகள் முழுச்சட்டக் கமராவிற் பொருந்தினும் படத்தின் நடுப்பகுதியையே தரும். முழுச்சட்டம் என்பது 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள உணரி. சிறிய உணரியில் 50 மில்லிமீற்றர் வில்லை, நிக்கோனில் 75 மில்லிமீற்றர் வில்லை போலவும், கனனில் 80 மில்லிமீற்றர் வில்லை போலவும் காட்சியைக் குறுக்கிக் காட்டும். தோழரின் வில்லையைக் கடன் வாங்கினோர் சுவரோடு சுவராகப் பின்வாங்க நேர்வது இதனாலேதான். மேலும், சிக்மா, தம்ரோன் முதலிய நிறுவனங்கள் பல கமராக்களுக்கும் வில்லை செய்கின்றன. “இரண்டும் சிக்மாதானே” என்று வாங்குவோர், எந்தப் பூட்டுவாய்க்கென அது செய்யப்பட்டது என்பதைப் பெட்டியின்மேற் பார்த்தே வாங்கவேண்டும்.

கண்ணாடியில்லாக் கமராக்கள் வந்தபின் நிலைமை சிறிது மாறியது. சோனி தன் ‘ஈ’ பூட்டுவாயை 2010ஆம் ஆண்டிலும், அதிலே முழுச்சட்டக் கமராவை 2013ஆம் ஆண்டிலும் கொணர்ந்தது. 2018ஆம் ஆண்டில் நிக்கோன் ‘இசெட்’ பூட்டுவாயையும், கனன் ‘ஆர்.எப்.’ பூட்டுவாயையும் வெளியிட்டன. உள்ளே ஆடி இல்லாமையால் இவற்றின் தூரம் குறைந்தது: நிக்கோனுக்கு 16, சோனிக்கு 18, கனனுக்கு 20 மில்லிமீற்றர். தூரம் குறைந்தபடியால் இடையில் அடாப்டர் வைத்துப் பழைய வில்லையைப் புதிய கமராவிற் பூட்ட இடமுண்டாயிற்று. பழைய கனன் ‘ஈ.எப்.’ வில்லைகள் அந்நிறுவனத்தின் அடாப்டர் மூலம் புதிய ‘ஆர்.எப்.’ கமராவில் தானியங்கிக் குவியத்துடனேயே வேலை செய்கின்றன. நிக்கோனின் அடாப்டரிலோ, தன்னுள்ளே மோட்டார் உடைய வில்லைகளுக்கே தானியங்கிக் குவியம் கிடைக்கும். மோட்டார் இல்லாத பழையவற்றைக் கையாலேதான் திருகவேண்டும். ஆனால் புதிய வில்லை பழைய கமராவுக்கு ஒருபோதும் திரும்பிச் செல்லாது. இது ஒருவழிப் பாதை. கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் புதியதற்கு மாறினால், அவர் தோழரிடம் கடன் வாங்கலாம். தோழருக்குக் கடன் கொடுக்க முடியாது. அந்த ஏற்றத்தாழ்வை முன்னரே அறிந்து மாறுவது நன்று.

வில்லைக்கு அடுத்தது பிளாஷ் விளக்கு. ஒரு நிறுவனத்தின் விளக்கை மற்றதன் கமராவில் வைத்தால், நடுவிலுள்ள தொடுப்பு மூலம் ஒளிரும். ஒளியின் அளவைத் தானே கணிக்கும் வசதி வேலை செய்யாது. கனன் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட 250டி போன்ற சில எளிய கமராக்களில் அந்த நடுத்தொடுப்பே இல்லை. இதற்கு மாற்று வழியுண்டு. கோடொக்ஸ் போன்ற நிறுவனங்களின் வானலை விளக்குகளை மண்டபத் தூணருகே வைத்து, ஒவ்வொரு கமராவின்மேலும் அதற்குரிய அனுப்பியை வைத்தால், இரு வேறு கமராக்களும் ஒரே விளக்குகளைப் பயன்படுத்தலாம். அதுபோலவே நினைவு அட்டையையும் பார்க்க வேண்டும். எஸ்.டி. அட்டை பல கமராக்களுக்குப் பொது. சீ.எப்.எக்ஸ்பிரஸ் அட்டையிலோ ‘ஏ’ வகை, ‘பி’ வகை என உண்டு. சோனி கமராக்கள் முன்னதையும், நிக்கோன், கனன் கமராக்கள் பின்னதையும் ஏற்பன. ஒன்று மற்றதன் வாயிற் புகாது.

நிற்க. பணம் செலவின்றி உண்டாக்கக்கூடிய பொருத்தங்களும் சில உள. முதலாவது, கடிகாரப் பொருத்தம். இருவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாக்கி ஒழுங்குபடுத்துவது, படத்துடன் பதியும் நேரத்தைக் கொண்டே. ஒரு கமரா ஏழு நிமிடம் முந்தியிருந்தால், கணினியில் தாலி கட்டிய பின் கூறை கொடுப்பதாகத் தோன்றும். காலையிற் புறப்படுமுன் இரு கமராவின் நேரத்தையும் ஒரே கைத்தொலைபேசியைப் பார்த்துத் திருத்துக. இரண்டாவது, பெயர்ப் பொருத்தம். ஒரே வகைக் கமராக்கள் இரண்டும் ஒரே பெயரும் இலக்கமும் உடைய கோப்புகளைத் தரக்கூடும். ஒன்றன்மேல் ஒன்று பதிந்து அழிவதற்கு அது ஏதுவாகும். பெயரின் முன்னெழுத்துகளை மாற்றும் வசதி பல கமராக்களில் உண்டு. இல்லையெனின் தனித்தனிக் கோப்புறையில் இடுக.

மூன்றாவது, நிறப் பொருத்தம். ஒரு பக்கத்திற் பொன்னிறமாகவும் மறுபக்கத்திற் சிவந்தும் தோன்றும் மணமகளை எவரும் விரும்பார். மண்டபத்து மஞ்சள் விளக்கு ஏறக்குறைய 3000 கெல்வின். பகலொளி 5500 கெல்வின். கமராக்கள் தாமே தெரிவு செய்ய விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தெரிவு செய்யும். இருவரும் ஒரே எண்ணைக் கையால் அமைத்து, சாம்பல் நிற அட்டை ஒன்றை அதே ஒளியில் இருவரும் ஒரு படம் எடுத்து வைத்தால், பின்னர்த் திருத்துவது எளிது. சுருக்கப்படாத மூலக்கோப்பாக எடுத்தல் இதற்கு இன்றியமையாதது. நான்காவது, ஒளித்துடிப்புப் பொருத்தம். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. விளக்குகள் பல 100 முறை துடிக்கும். அத்தகைய விளக்கின்கீழ் 1/50 அல்லது 1/100 செக்கன் வைத்தாற் படத்தில் வரி விழுவது குறையும். ஒருவர் 1/100 வைக்க மற்றவர் 1/500 வைத்தால், ஒரே சடங்கு இருவிதமாகத் தோன்றும்.

இவ்வாறு சரிசெய்யக் கூடியவை இருக்க, பூட்டுவாயை ஒன்றாக்குவது எதற்கென்று கேட்கலாம். ஆபத்துக்கு உதவும் பொருள் அதுவே. இருவரிடமும் தனித்தனியே இரண்டு கமரா உடலும், வேண்டிய எல்லா வில்லைகளும் இரட்டையாக இருப்பின், வேறு நிறுவனப் பொருள்களாயினும் குற்றமில்லை. அவ்வாறு வாங்க வல்லார் சிலரே. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை நம் குடும்பங்கள் மறந்திரா. ஒரே பூட்டுவாயாயின் மூன்று உடலும் நான்கு வில்லையும் இருவருக்கும் போதும். வேறு வேறாயின் நான்கு உடலும் எட்டு வில்லையும் தேவைப்படும். மேலும், கனனும் நிக்கோனும் வில்லையைத் திருகும் திசையிலேயே மாறுபட்டவை. அவசரத்தில் தோழரின் கருவியைக் கையிலெடுத்தவருக்குக் கைப்பழக்கம் எதிரியாகும்.

இனி, “யார் மாற்றுவது?” என்ற கேள்விக்கு வருவோம். இஃது உண்மையிற் கமராவைப் பற்றிய கேள்வியன்று, தன்மானத்தைப் பற்றியது. காப்பை அடகு வைத்து வாங்கியதை விற்பது எவ்வாறு? தகப்பனார் தந்ததை விற்பது எவ்வாறு? எந்த நிறுவனம் சிறந்தது என்று வாதாடினால் இதற்கு முடிவில்லை. ஆகையால் நாம் அவர்களிடம் ஒரு தாளை எடுத்து, இருவர் உடைமைகளையும் இன்று விற்றால் வரும் விலைப்படி எழுதச் சொன்னோம். கமரா உடல் விரைவில் மூப்படையும். நல்ல வில்லை நெடுங்காலம் மதிப்பிழக்காது. எனவே எவரிடம் நல்ல வில்லைகள் மிகுதியோ அவருடைய பூட்டுவாய் நிலைக்கட்டும், மற்றவர் விற்கட்டும் என்றோம். விற்பவருக்கு வரும் நட்டம் அவருடையதன்று, கூட்டின் செலவு. உதாரணமாக, இன்று புதிதாக வாங்க 180,000 ரூபா ஆகும் பொருள்கள் 120,000 ரூபாவுக்கே விலை போயின், குறைந்த 60,000 ரூபாவை இருவரும் பாதி பாதியாக ஏற்கவேண்டும். தமக்கு ஒரு செலவுமின்றித் தோழர் மட்டும் இழப்பதைப் பார்த்திருப்பது கூட்டாகாது.

இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின்னர், வில்லைகள் மிகுந்தவரே, “பாதி என் கணக்கில் எழுதுங்கள்” என்றார். மற்றவர் தம் கமராவை விற்ற அன்றே அடகுக் கடைக்குச் சென்று, தமக்கையாரின் காப்பை மீட்டு வந்தார். மாற்றுக் கருவியைக் கூட்டின் வருமானத்தில் ஐந்து மாதங்களில் வாங்கினர். அதுவரை பெரிய திருமணங்களை ஏற்காமல், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா முதலியவற்றை மட்டும் ஏற்றனர். அந்தப் பொறுமையே அவர்கள் செய்த சிறந்த முதலீடு என்போம்.

எழுத்தும் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய கூட்டு வணிக உடன்படிக்கை எழுத்தில் அமைந்து ஒப்பமிடப்பட வேண்டும். இன்று ஒரு நினைவு அட்டையே ஆயிரம் ரூபாவுக்கு மேல். நட்பிருக்க எழுத்து எதற்கு என்று கூறுவோர் உளர். நட்பைக் காப்பதற்கே எழுத்து. எப்பொருள் எவருடையது, எது கூட்டுக்குப் பொது, வேலையில் உடைந்தால் யார் செலவு, ஒருவர் வெளிநாடு செல்ல நேர்ந்தாற் பொருளை எவ்விலைக்கு மற்றவர் ஏற்பது, எடுத்த படங்களின் மூலக்கோப்பு யார் கையில் இருக்கும் என்னும் ஐந்தையும் எழுதிக்கொள்க. ஒவ்வொரு பொருளின் தொடரிலக்கத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்க.

திருமணம் வைத்திருக்கும் வீட்டாருக்கும் ஒரு சொல். படமெடுப்போரை அமர்த்தும்போது ஆல்பத்தின் அட்டையையும் விலையையும் மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு கமரா நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள், இருவர் கருவிகளும் ஒன்றுக்கொன்று உதவுமா, படங்கள் ஒரே நேரத்தில் இரு அட்டைகளிற் பதிகின்றனவா என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தயங்காது விடை சொல்வோர் விலை சற்று மிகுதியாகக் கேட்டாலும் அவரையே அமர்த்துங்கள். வீட்டிலுள்ள முதியோரை முன்னரே சுட்டிக்காட்டி, “இவரைத் தவறவிடாதீர்கள்” என்று சொல்லியும் வையுங்கள்.

மாணவ நண்பர்களே, கமரா வாங்க வீட்டிற் பணம் கேட்குமுன் உங்கள் தோழனிடம் என்ன கமரா இருக்கிறது என்று கேளுங்கள். தனித்தனியே சிறந்த இரண்டைக் காட்டிலும், ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் சாதாரணமான இரண்டே திருமண வீட்டில் மேலானவை.